சாஃப்ட்வேருக்கு முன்னால் ஒரு வீடியோ எடுங்கள்

உலோக உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்கூடத்தை நடத்தும் வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா தொடங்கிய தொழிலை மூன்று வருடமாக இவர் பார்த்துவருகிறார். 14 மெஷின்கள், 42 பேர், இரண்டு ஷிப்ட். வால்வு பாடிகளைக் கடைந்து, துளையிட்டு, பெரிய நிறுவனங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆர்டர் எடுக்கும்போது பத்து நாள் என்கிறார்கள். சரக்கு வெளியே போக 24 நாளாகிறது. போன வருடம் ஓர் ஆலோசகரை வைத்து மூன்று நாள் ஃபைவ் எஸ் (வேண்டாததை அகற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்து, ஒழுங்காகப் பேணும் முறை) பயிற்சி நடத்தினார். தரையில் மஞ்சள் கோடும் சுவரில் போர்டும் வந்தன. ஆறு மாதத்தில் போர்டில் தூசி ஏறியதுதான் மிச்சம்.

இப்போது ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் வந்திருக்கிறது. எல்லா மெஷினிலும் சென்சார், பெரிய திரையில் நொடிக்கு நொடி நிலவரம், மூன்று வருட ஒப்பந்தம். "ஓஇஇ 85 சதவீதத்துக்குப் போகும், ஸ்டாக் பாதியாகும், எட்டுப் பேரைக் குறைக்கலாம்" என்கிறார்கள். (ஓஇஇ என்பது மெஷின் எவ்வளவு நன்றாகப் பயன்படுகிறது என்பதற்கான அளவுகோல்.) மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் சலுகையாம். 22 வருடமாக வேலை பார்க்கும் உற்பத்திப் பொறுப்பாளரோ, "லாட்டைச் சின்னதாக்கினால் செட்டிங்கிலேயே ஷிப்ட் போய்விடும்" என்று எதற்கும் அசையவில்லை. (லாட் என்பது ஒரே செட்டிங்கில் தொடர்ந்து செய்யும் எண்ணிக்கை; செட்டிங் என்பது அடுத்த வகைக்கு மெஷினைத் தயார் செய்வது.) அப்பா, "ஸ்டாக் இருந்தால்தான் தைரியம்" என்கிறார். இதற்கிடையில் முக்கிய வாடிக்கையாளர், இனி வாரம் இரண்டு தடவை டெலிவரி வேண்டும், ஒவ்வொரு பெட்டியிலும் க்யூஆர் லேபிள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சாஃப்ட்வேரை வாங்கட்டுமா, ஸ்டாக்கைப் பூஜ்ஜியமாக்குவதுதானே லீன் (டொயோட்டாவில் வளர்ந்த, விரயத்தைக் குறைக்கும் உற்பத்தி முறை), எட்டுப் பேரை என்ன செய்வது, பொறுப்பாளரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பக்கம். பேனாவால் கோடு போட்டு நீங்களே எடுத்த கணக்கு அது. தினமும் வெளியே போவது 200 வால்வு பாடி. பாதி வேலையில் தரையிலும் ட்ராலியிலும் நிற்பது 4,800. எல்லாவற்றையும் தாமதப்படுத்தும் அந்த ஒரு மில்லிங் மெஷினில் ஒரு பாடிக்கு 4 நிமிடம். லாட் 600. செட்டிங் மாற்ற 2 மணி 40 நிமிடம். இடைவேளை போக இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து 15 மணி நேரம். நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அந்தப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது.

4,800ஐ 200ஆல் வகுத்துப் பாருங்கள். 24 வரும். உங்கள் டெலிவரி நாளும் அதுதான். இது தற்செயல் இல்லை. உள்ளே நிற்கும் சரக்கு, ஒரு நாளில் வெளியேறும் அளவு, ஒரு பொருள் உள்ளே இருக்கும் காலம் மூன்றும் எப்போதும் இப்படித்தான் கட்டுண்டு கிடக்கும். ஜான் லிட்டில் என்பவர் 1961இல் இதைக் கணிதமாக நிரூபித்தார். வரிசை எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் இது பொருந்தும். பத்து நாளில் கொடுக்க வேண்டுமானால் உள்ளே 2,000க்கு மேல் நிற்கக் கூடாது. ஆட்களை விரட்டினாலும் ஓவர்டைம் போட்டாலும், 4,800 அப்படியே நிற்கும்வரை பெரிதாக ஒன்றும் மாறாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பாடிக்கு எல்லா மெஷினிலும் சேர்த்து 38 நிமிட வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். 24 நாள் என்பது 21,600 வேலை நிமிடம். அதில் 38 நிமிடம் போக மீதி முழுவதும் அது யாருக்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது. சென்சார்கள் அளக்கப் போவது அந்த 38 நிமிடத்தை. உங்கள் நோய் இருப்பது மிச்ச 21,562 நிமிடத்தில்.

பொறுப்பாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது

அவரை மாற்றுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் பிடிவாதக்காரர் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கணக்கு அவர் பக்கம் நிற்கிறது.

அந்த மில்லிங் மெஷினுக்கு ஒரு நாளில் 200 பாடிக்கு 800 நிமிடம் வேண்டும். 600க்கு ஒரு தடவை 160 நிமிட செட்டிங் என்றால், நாளொன்றுக்குச் சராசரியாக 53 நிமிடம் அதற்குப் போகும். ஆக 853. உங்களிடம் இருப்பது 900. இந்த நிலையில் "லீன்" என்று சொல்லிக்கொண்டு நாளைக்கே லாட்டை 150 ஆக்கினால், செட்டிங்குக்கு மட்டும் தினமும் 213 நிமிடம் வேண்டும். மொத்தம் 1,013. நாளில் அவ்வளவு நேரமே இல்லை. அவர் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியிருக்க மாட்டார், ஆனால் 22 வருட அனுபவத்தில் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் பார்க்காதது ஒன்றுதான். 160 நிமிடம் என்பது மலை மாதிரி அசையாத விஷயம் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். அதை 40 ஆக்கினால்? லாட் 300 என்று வைத்தால்கூட மெஷினின் பாரம் 853இலிருந்து 827க்கு இறங்கிவிடும். லாட் பாதி, மெஷினுக்கு மூச்சுவிட நேரமும் கூடுதல். இந்த மூச்சு சாதாரணமானது அல்ல. வேலை ஏறுக்குமாறாக வரும் இடத்தில், மெஷின் 90 சதவீதம் பாரத்தில் ஓடும்போது இருக்கும் வரிசை 95 சதவீதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். உங்கள் மெஷின் இப்போது சரியாக அந்த 95இல் நிற்கிறது. அதனால்தான் ஒரு நாள் பிரேக்டவுன் ஆனால் இரண்டு வாரம் ஆட்டம் காண்கிறது.

40 நிமிடம் நடக்கிற காரியமா என்று அவர் கேட்பார். ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளரின் கதையைச் சொல்லுங்கள். 1969இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை (அச்சு) மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. முதலில் அதை ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தார்கள். அப்புறம் நிர்வாகம் மூன்று நிமிடம் என்றது, அதுவும் நடந்தது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே தயார் செய்துவைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்தார்கள். இரண்டாவது வகையை முன்கூட்டியே முடித்தார்கள். முதல் வகையை எளிதாக்கினார்கள்.

உங்கள் இடத்தில் இதற்கு ஒரு செல்ஃபோன் போதும். அடுத்த செட்டிங்கை ஆரம்பம் முதல் முடிவு வரை வீடியோ எடுங்கள். முதலில் ஆப்பரேட்டரிடம் சொல்லி, சம்மதம் வாங்கி எடுங்கள். குற்றம் கண்டுபிடிக்க எடுப்பதாகத் தோன்றினால் எல்லாம் கெட்டது. பிறகு அவரும் பொறுப்பாளரும் நீங்களும் உட்கார்ந்து ஒன்றாகப் பார்க்க வேண்டும். நான் போன தொழிற்கூடங்களில் எல்லாம் முதல் வீடியோவில் ஒரே காட்சிதான்: ஃபிக்ஸ்சரை (பாகத்தை மெஷினில் பிடித்துவைக்கும் கருவி) தேடிப் போகிறவர், ஸ்பானர் கேட்டு அடுத்த மெஷினுக்கு நடப்பவர், முதல் பீஸை அளந்து "ஓகே" சொல்ல வேண்டிய ஆளுக்காகக் காத்திருப்பவர். மெஷினில் கைவைக்கும் நேரம் பாதிகூட வராது.

இங்கேதான் உங்கள் ஃபைவ் எஸ் ஏன் செத்தது என்பதும் புரியும். இடத்தை அழகாக்க அதைச் செய்தீர்கள். மில்லிங் மெஷினுக்கான ஃபிக்ஸ்சரும் டூலும் கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டினால் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்திருந்தால், அதைக் கலைக்க ஆப்பரேட்டரே விட்டிருக்க மாட்டார். மஞ்சள் கோடு பரவாயில்லை, கிடக்கட்டும். அந்த மெஷினைச் சுற்றி ஆறு அடியை மட்டும் மறுபடி ஆரம்பியுங்கள்.

சரி, சாஃப்ட்வேர்

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. லீன் என்பதன் வேர்களில் ஒன்றே ஒரு தானியங்கிக் கருவிதான்: நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் சகிச்சி டொயோடாவின் தறி. தப்பு நடந்த உடனே மெஷின் நிற்க வேண்டும், ஆள் வந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. உங்கள் வாடிக்கையாளர் கேட்கும் க்யூஆர் குறியீடும் இந்த வீட்டுப் பிள்ளைதான். டொயோட்டா குழுமத்தின் டென்சோவில் பெட்டி பெட்டியாகப் பல பார்கோடுகளை ஸ்கேன் செய்து சலித்துப்போனவர்களுக்காக 1994இல் உருவாக்கியது அது. ஆகவே லேபிளை யோசிக்காமல் செய்யுங்கள். வாடிக்கையாளர் நிபந்தனை, செலவும் குறைவு, தவறான பெட்டி போவதும் நிற்கும்.

ஆனால் 14 மெஷினுக்கும் மூன்று வருட ஒப்பந்தம் என்பது வேறு விஷயம். 1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோக்களில் பெரும் பணத்தைக் கொட்டியது. அதே காலத்தில், அது 1982இல் இழுத்து மூடிய கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையை டொயோட்டாவுடன் சேர்ந்து 1984இல் மறுபடி திறந்தது. பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம், பிரமாதமான மெஷின் எதுவும் இல்லை. தரத்தில் அது ஜெனரல் மோட்டார்ஸின் மிகச் சிறந்த ஆலைகளில் ஒன்றானது. பின்னாளில் டெஸ்லாவும் அதே கட்டடத்தில், 2018இல், அளவுக்கு மீறித் தானியங்கியாக்கியது தவறு என்று ஈலான் மஸ்க் வாயாலேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஒரே கூரை இரண்டு தடவை ஒரே பாடத்தை எடுத்திருக்கிறது.

ஓஇஇ 85 என்கிறார்களே, அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு வேகமாக ஓடியது, எவ்வளவு நல்ல பீஸ் வந்தது என்ற மூன்று சதவீதங்களைப் பெருக்கினால் ஓஇஇ. 90, 95, 99 என்றால் ஏறக்குறைய 85. இந்த எண்ணை உயர்த்த மிகச் சுலபமான வழி எது தெரியுமா? யாரும் கேட்காத பீஸை ஓட்டித் தள்ளுவது. திரையில் பச்சை எரியும், தரையில் 4,800 என்பது 6,000 ஆகும். தேவைக்கு மேல் செய்வதுதான் எல்லா விரயங்களிலும் மோசமானது என்று டொயோட்டா முறையை வடிவமைத்த டைச்சி ஓனோ சொன்னதற்குக் காரணம் இதுதான். மற்ற விரயங்களை அது மூடி மறைத்துவிடும். மற்ற 13 மெஷின்களும் அவ்வப்போது சும்மா நிற்கட்டும். அந்த மில்லிங் மெஷின் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதனால் விற்பனையாளரிடம் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் மூன்று மாதச் சோதனை கேளுங்கள். பழைய மெஷின் என்பதால் மோட்டார் வயரில் மாட்டும் கரண்ட் சென்சாரே போதும். ஓடுகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். ஏன் நின்றது என்பது மட்டும் எந்த சென்சாருக்கும் தெரியாது. அதை ஆப்பரேட்டர்தான் ஒரு பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். காரணங்களை ஆறு ஏழுக்குள் வையுங்கள். இருபது காரணம் கொடுத்தால் எல்லாரும் "மற்றவை"யைத்தான் அழுத்துவார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நிலை வந்தால், அதற்கு முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

பதிவாகும் தரவு உங்களுக்குச் சொந்தமா, ஒப்பந்தம் முடிந்தால் சாதாரண அட்டவணைக் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா?

நடுவில் விலகினால் என்ன தண்டம், சென்சார்கள் யாருக்கு?

"ஸ்டாக் பாதியாகும்" என்பது ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது? பேச்சில் சொன்னதைக் காகிதத்தில் எழுத மறுத்தால் அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மெஷின் கன்ட்ரோலரை நேரடியாக இணையத்தில் இணைப்பார்களா? அப்படியென்றால் வேண்டாம். தகவல் வெளியே போகலாம், வெளியிலிருந்து கட்டளை உள்ளே வரக் கூடாது.

ஒப்பந்தச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

பூஜ்ஜியம் ஸ்டாக்?

இதில் உங்கள் அப்பா சொல்வதை முழுவதுமாகத் தள்ளாதீர்கள். 1997 பிப்ரவரி 1ஆம் தேதி ஜப்பானில் கரியா என்ற ஊரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று எரிந்தது. டொயோட்டாவுக்கான ஒரு பிரேக் வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் தயாரானது. கையில் இருந்தது மிகக் கொஞ்சம். ஜப்பானில் டொயோட்டாவின் பெரும்பாலான லைன்கள் நின்றுபோயின. வேறு பல சப்ளையர்கள் தங்கள் மெஷின்களில் அந்த வால்வைச் செய்துகொடுத்ததால்தான் சில நாளில் எழுந்து நின்றது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப் போல எளிதில் கிடைக்காத பாகங்களைச் சில மாதத்துக்குக் கையிருப்பு வைக்கச் சொல்லி டொயோட்டாவே சப்ளையர்களிடம் கேட்டது. 2021 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாடு வந்தபோது மற்றவர்களைவிடக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது அதனால்தான்.

எங்கே, எவ்வளவு, எதற்காக என்று தெரிந்து வைக்கும் ஸ்டாக் தைரியம் தரும். உங்கள் 4,800 அப்படியல்ல, அது தானாகச் சேர்ந்தது. மில்லிங் மெஷினுக்கு முன்னால் ஒரு நாள் வேலை, அனுப்பத் தயாரான நிலையில் இரண்டு மூன்று நாள் டெலிவரிக்கு வேண்டியது, வாங்கக் கஷ்டமான காஸ்டிங் (வார்ப்பு) கொஞ்சம். இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் குறைக்க ஒரு விதி போதும்: ஒரு லாட் வெளியே போனால்தான் அடுத்த லாட் உள்ளே வரும். இன்றைய 4,800ஐ உச்சவரம்பாக எழுதிப் போடுங்கள். செட்டிங் நேரம் நன்றாக இறங்கிய பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 300 குறையுங்கள். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் ஏதோ ஒரு பிரச்சினை தலைகாட்டும்: ரிஜெக்ஷனோ, காஸ்டிங் தாமதமோ. அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த 300. அவசரப்படாமல் போனால் ஐந்து மாதத்தில் 2,000க்கு வருவீர்கள். வாரம் இரண்டு டெலிவரி அதற்குள்ளேயே சாத்தியமாகிவிடும்.

கன்பன் அட்டை (ஒரு பெட்டி காலியானதும் "அடுத்ததைச் செய்" என்று முந்தைய மெஷினுக்குத் திரும்பிப் போகும் அட்டை) எப்போது என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு அப்புறம்தான். அப்போது மில்லிங்குக்கும் அடுத்த மெஷினுக்கும் நடுவே, நாளுக்கு 200, நிரப்ப மூன்று நாள், 20 சதவீதம் கூடுதல், பெட்டிக்கு 40 என்று வைத்தால் 18 அட்டை வரும். காகித அட்டையே போதும். அட்டை அடிக்கடி தொலைகிறது, சப்ளையர் தூரத்தில் இருக்கிறார் என்ற நிலை வந்தால் மின்னணுக் கன்பன் வாங்கலாம்.

எட்டுப் பேர்

இதைத்தான் நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தயக்கம் சரியானது.

1950இல் டொயோட்டாவும் இதே இடத்தில் நின்றது. கடன் கழுத்தை நெரித்தது, கடுமையான தொழிலாளர் போராட்டம், 1,500க்கும் மேற்பட்டவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். நிறுவனர் கீச்சிரோ டொயோடா பொறுப்பேற்றுத் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். அதற்குப் பிறகு, இருப்பவர்களின் வேலை பாதுகாப்பானது என்ற புரிதல் உருவான இடத்தில்தான் நாம் இன்று லீன் என்று கொண்டாடும் முறை வளர்ந்தது. இது தர்மசிந்தனை மட்டும் அல்ல. செட்டிங்கை 160இலிருந்து 40 ஆக்கும் யோசனைகள் எல்லாம் அந்த ஆப்பரேட்டர் தலைக்குள் இருக்கின்றன. "நான் நேரத்தை மிச்சப்படுத்தினால் பக்கத்தில் இருப்பவன் வீட்டுக்குப் போவான்" என்று தெரிந்தால் அவர் வாய் திறப்பாரா?

ஆகவே வீடியோ எடுப்பதற்கு முன்பே எழுதி ஒட்டுங்கள்: இந்த மாற்றத்தால் யாருடைய வேலையும் போகாது. காப்பாற்ற முடிந்தால் மட்டும் ஒட்டுங்கள். ஆர்டரே விழுந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அது வேறு, அதை நேர்மையாகத் தனியே சொல்லுங்கள். நேரம் மிச்சமாகும் ஆட்களை செட்டிங் தயாரிப்புக்கும், மெஷின் பராமரிப்புக்கும், புதிய வேலை கற்கவும் போடலாம். 42 பேரில் அடுத்த இரண்டு வருடத்தில் தாங்களாகவே விலகுபவர்கள், ஓய்வுபெறுபவர்கள் இருப்பார்கள். அந்த இடங்களை நிரப்பாமல் விடுவது யாரையும் காயப்படுத்தாது. சென்சார் மாட்டினால் அது மெஷினை அளக்க, ஆளை அளக்க அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்படியே நடந்துகொள்ளுங்கள். ஆப்பரேட்டர் பெயர் போட்ட பட்டியல் ஒரு தடவை திரையில் வந்துவிட்டால் அன்றிலிருந்து எல்லா எண்ணும் பொய்யாகத்தான் வரும்.

மாதக் கடைசிக் கெடுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு மெஷின் சோதனைக்கு அவர்கள் ஒத்துக்கொண்டால் நல்லது. மறுத்தால், அடுத்த மாதமும் அதே சலுகையோடு போன் வரும். அதற்குள் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். யார் எடுக்க வேண்டும் என்று கேட்டால், உங்கள் பொறுப்பாளர் கையிலேயே ஃபோனைக் கொடுங்கள் என்பேன். 40 நிமிடம் ஆக்குவது எப்படி என்று கண்டுபிடிக்கப் போகிறவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார். இரண்டு மாதம் கழித்து செட்டிங் நேரம் எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள், அப்போது சாஃப்ட்வேரைப் பற்றி மறுபடி பேசலாம்.